ஒரு வாய் வெற்றிலை

"ஒரு வெத்தல குடுக்கா."

"தீந்துபோச்சு புள்ள" என்றாள் புஷ்பராணி. அவள் மடியில் சுருக்குப் பை உப்பிக்கொண்டு இருந்தது.

விஜயலெட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேயிலை மலையில் வெற்றிலை கேட்டு இல்லையென்று சொன்ன கதை உண்டா? ஆகாதவளே கேட்டாலும் பாதியைக் கிள்ளிக் கொடுப்பார்கள். காலையிலிருந்து கேட்ட அத்தனை பேரும் கையை விரித்துவிட்டார்களே!

முந்தாநாள்தான் பதுளைக்குப் போய் ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தாள். கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. "வெத்தல, புகையில வேணாம். எச்சி துப்ப வேணாம். கஞ்சிய ஆறவச்சுக் குடிங்க, உப்புத் தண்ணியில மெதுவா கொப்புளிங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, வலிக்கிறது இவளுக்கல்லவா? ஒரு துண்டுப் புகையிலையை அடக்கினால் மரத்துப்போகும்.

"உண்மையச் சொல்லுக்கா. யாரு தடுத்தா?"

"நல்லம்மாக்காதான். உனக்கு யாரும் வெத்தல குடுக்கக் கூடாதுன்னு காலையில பேர் பதியிற பெரட்டுலயே சொல்லிருச்சு."

அடிப்பாவி! தண்ணி பிடிக்கும் பீலியில் யார் முதலில் குடம் வைப்பது என்ற சண்டையில் இரண்டு பேருக்கும் மாசக்கணக்காகப் பேச்சில்லை. அதற்கு இப்படியா பழி வாங்குவது?

கூடையோடு போய் நல்லம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"பல்லப் புடுங்கிட்டு நிக்கிறவகிட்டயா உன் வீராப்பு?"

நல்லம்மா திரும்பவில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டே தேயிலைச் செடியிடம் பேசினாள்.

"கேட்டுக்க செடியே. போன வருசம் அந்தப் பக்கத்துப் பல்லப் புடுங்கிட்டு, சொல்லச் சொல்லக் கேக்காம வெத்தலையப் போட்டா. புண்ணு ஆறாம ராவெல்லாம் அழுதா. நம்ம ரெண்டு வீட்டுக் காம்பராவுக்கும் நடுவுல கூரையத் தொடாத ஒரே சுவரு. நானுந்தான் தூங்கல."

"ஆமா, பெரிய கரிசனம்! எனக்குக் கூடாது, நீ மட்டும் நல்லா மென்னுக்கிட்டு..."

நல்லம்மா திரும்பினாள். எந்நேரமும் சிவந்திருக்கும் அந்த உதடு வெளிறிக் காய்ந்து கிடந்தது.

"அக்கா எங்க மென்னுச்சு?" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த புஷ்பராணி. மடியிலிருந்த பையை எடுத்துக் காட்டினாள். "இது அதோட பைதான். நீ பல்லப் புடுங்குன அன்னிக்கே எங்கிட்டக் குடுத்திருச்சு. சுவத்துக்கு மேல வாசம் வந்தா, உனக்கு ஆச வந்திருமாம்."