கெட்டி ஆயில்

"தேஞ்ச இன்ஜின்மா இது. இனிமே இந்தத் தண்ணி ஆயில் தாங்காது. கெட்டி ஆயில் ஊத்திருவோம், அந்த டக்டக் சத்தமும் அடங்கிரும்," என்றார் மெக்கானிக் தாவூது. "சத்தம் இருக்கட்டும்ணே," என்றாள் தேன்மொழி. அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஒருநாள் ஜாமாகி நிக்கும். பரவாயில்லையா?" அது அவள் கணவன் இளவழகனின் கார். அவன் இறந்துபோனதை மாமனாரிடம் அவள்தான் சொன்னாள். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது கண் தெரியாமல் படுக்கையில் கிடப்பவர், கேட்டு அழுதார், பிறகு மறந்துவிட்டார். சாயங்காலம் அவள் வேலைவிட்டுத் திரும்புகையில், தெருமுனையில் அந்த டக்டக் கேட்டதும், "அழகு வந்துட்டானா?" என்பார். "வந்துட்டார் மாமா, குளிக்கிறார்," என்பாள். அதன் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். அவன் இறந்ததை இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் சத்தத்தைக் காப்பாற்றப் போய் அவனுடைய காரையும் எப்படி இழப்பது? "கெட்டியே ஊத்துங்கண்ணே," என்றாள். அன்று சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றது அவளுக்கே கேட்கவில்லை. சோற்றுத் தட்டோடு போய் அவர் அருகில் உட்கார்ந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. "அவர் வந்துட்டார் மாமா," என்றாள் அவளாகவே. அவர் கைநீட்டித் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பழைய ஆயிலையே ஊத்தியிருக்கலாமேம்மா," என்றார்.