யேசுரட்ணத்தின் துவக்கு

"இன்னும் என்ன பேப்பர் வேணும் சேர்? மௌத்தானவர எழுப்பிக் கூட்டிக்கிட்டு வரவா?"

நிஸாம் அடித்த அடியில் மேசையிலிருந்த மைப்பெட்டி துள்ளியது. பிறிஜெற் அக்கா பயந்துபோய் அவன் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார்.

பொலிஸ் சார்ஜன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கரண்ட் பில். வீட்டு அட்ரஸோட, மூணு மாசத்துக்கு. அடுத்த ஆள் வாங்க!"

இது மூன்றாவது தடவை.

விஷயம் இவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் நிஸாமின் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் பிறிஜெற் அக்கா. புருஷன் யேசுரட்ணத்துக்குச் சிலாபம் பக்கம் தென்னங்காணி இருந்தது. காட்டுப்பன்றியைச் சுட்டு விரட்ட லைசன்ஸோடு ஒரு துவக்கும் இருந்தது. காணியை விற்றார், துவக்கை அலுமாரிக்கு மேலே சாக்கில் சுற்றி வைத்தார், போய்ச் சேர்ந்துவிட்டார்.

வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய லைசன்ஸ். மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை. அடுத்த மாதம் கனடாவில் மகளிடம் போவதற்காக வீட்டை ஒதுக்கும்போதுதான் சாக்கு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு நித்திரை இல்லை. வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம், இன்னொருவரிடம் கொடுத்தாலும் குற்றம், கடலில் போட்டாலும் குற்றம். வழக்கு என்று ஒன்று வந்தால் கனடாவை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஒரு சாமான வாங்கத்தான் அக்கா கஷ்டம். சும்மா குடுக்க என்ன கஷ்டம்? நான் பேசி முடிச்சுத் தாறன்" என்று கிளம்பியவன் நிஸாம். புறக்கோட்டை நடைபாதையில் சீப்பு விற்று மேலே வந்தவன். அவன் பேசிப் படியாத பேரம் இல்லை.

முதல் நாள் சார்ஜன் பழைய லைசன்ஸை வாங்கிப் புரட்டினார். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்.

"சேர், இவங்கட புருஷன் மௌத்தாகி, லைசன்ஸும் மூணு..."

படாரென்று மூடி அவன் கையிலேயே திணித்தார். "மரணச் சான்றிதழ் இல்லாம என்ன கதை? போ, போ!"

இரண்டாவது நாள் சான்றிதழோடு போனார்கள்.

"சேர், உண்மையச் சொன்னா நாங்க இத மூணு வருஷமா..."

"கிராம சேவகர் கடிதம் எங்க? அது வராம வாயத் திறக்காத!"

கிராம சேவகர் செவ்வாயும் வியாழனும்தான் கந்தோரில் இருப்பார். செவ்வாய் கூட்டம் என்று பூட்டிக் கிடந்தது. வியாழன் ஆள் இருந்தார், முத்திரை இல்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம் போனது. அந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து வைத்தால், இப்போது கரண்ட் பில்!

வாசல் வரை போன நிஸாம் திரும்பி வந்து மேசையில் குனிந்தான். "சேர், சுத்தி வளைக்காம சொல்லுங்க. எவ்வளவு?"

சார்ஜன் பேனையால் கம்பிக்கூட்டைக் காட்டினார். "உள்ள இடமிருக்கு. வாறியா?"

வெளியே வந்து வெடித்தான். "பாத்தீங்களா? சின்னத் தொகைக்கு மசிய மாட்டான். ஒவ்வொரு பேப்பராக் கேட்டு விலையக் கூட்டுறான்!"

"விடு தம்பி. பில்லைக் குடுத்துப் பாப்பம்."

"இனிப் பேச்சில்ல அக்கா, பெட்டிசன்தான்!"

கடைக் கல்லாவிலேயே உட்கார்ந்து எழுதினான். தமிழில்தான். "எங்கட பாஷையில எழுத எங்களுக்கு உரிமை இருக்கு." 'விதவையை அலைக்கழிக்கும் லஞ்சப் பேய்' என்று தொடங்கி இரண்டு பக்கம் போனது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரி வரை பார்த்தார். "உன்ட பேரைக் காணேல்லையே?"

"நாளைக்கும் நான் இதே ரோட்டில கடை நடத்தணுமே!"

'பொதுமக்கள்' என்று கீழே போட்டு, மேலிடத்துக்குத் தபாலில் சேர்த்தான்.

பத்து நாள் கழித்துச் சார்ஜனே அக்காவுக்குப் போனில் கோல் எடுத்தார். "ஜீப் அனுப்புறன். துவக்கோட உடனே வாங்க."

நிஸாமுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அக்கா? பெட்டிசன் எப்பிடி வேலை செய்யுது!"

ஸ்டேஷனில் சார்ஜன் எழுந்து நின்று அக்காவுக்குக் கதிரை போட்டார். பிறகு சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். லைசன்ஸ் இல்லாத துவக்கை இன்றிலிருந்து இரண்டு கிழமைக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை.

"இப்ப சொல்லு மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார். "மூணு தடவையும் என்னமோ சொல்ல வந்தியே?"

நிஸாமின் குரல் இறங்கியது. "லைசன்ஸ் முடிஞ்சு மூணு வருஷம் சேர்."

இந்தத் தடவை சார்ஜன் அதை நிதானமாகப் புத்தகத்தில் எழுதினார்.

"அண்டைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சேர்?"

"இப்பிடி ஒரு அறிவித்தல் வருதெண்டு பொலிசுக்குள்ள கதைச்சாங்க. கெசட்டில வராததை நான் எப்பிடி வாயால சொல்ற? நீ அண்டைக்கே சொல்லி முடிச்சிருந்தா நான் எழுதணும். எழுதினா அக்காவ அங்கேயே உள்ள போடணும். அதான் உன்ட வாயை அடைக்க ஒவ்வொரு பேப்பராக் கேட்டன்."

பிறிஜெற் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டார். நிஸாம் தரையைப் பார்த்தான்.

ரசீதில் முத்திரை குத்தி நீட்டிய சார்ஜன், மேசை லாச்சியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"எனக்கும் ஒரு உதவி செய் மல்லி. யாரோ என்மேல பெட்டிசன் போட்டிருக்கான். பின்னேரத்துக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணும். தமிழில இருக்கு, எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ கொஞ்சம் சத்தமா வாசிச்சு, என்ன எழுதியிருக்கெண்டு சொல்லு."