வெளுத்துப்போன துத்தம்

"துத்தத்தை எங்கடா வித்தே?"

செஞ்சி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு, பண்ணையாள் இளையபெருமாளை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார். சிங்கவரத்தில் இருந்த தன் நிலக்கடலைப் பயிருக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்க அவர் வாங்கிக் கொடுத்த மயில்துத்தம் அது.

"ஒரு துண்டுகூட எடுக்கல ஆண்டை. மொத்தத்தையும் மொத நாளே ஊறப்போட்டேன்."

"அப்புறம் ஏன்டா தண்ணி வெளுத்துக் கெடந்துச்சு? துத்தம் கரைச்சா மயில் கழுத்தாட்டம் இருக்க வேணாமா? சுண்ணாம்பு கலக்கறதுக்கு முந்தியே நான் பார்த்தேன். இப்ப சிங்கவரத்துல மல்லாட்டை எலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டிப்போச்சு. பச்சத் தண்ணியத்தானே அடிச்சே?"

தெரு கூடிவிட்டது. உள்ளேயிருந்து வந்த ஆதிலட்சுமி, புருஷன் பேச்சு எடுபட வேண்டுமே என்று தானும் ஒரு வார்த்தை சேர்த்தாள்.

"எட்டு வருஷமா சோறு போட்ட வீட்லயே கைய வெச்சிட்டியே!"

இளையபெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் கழித்து, பிளாக் ஆபீசிலிருந்து விவசாய அலுவலர் விநாயகம் வந்தார். தொழுவத்தில் கிடந்த, மருந்து கரைத்த இரும்பு வாளியை நகத்தால் சுரண்டினார். சிவப்பாக ஒரு பொருக்கு உதிர்ந்தது.

"துருவா?" என்றார் சிங்காரவேலு.

"துரு இல்லீங்க. உங்க மருந்து. துத்தத்துல இருக்கிற செம்பு."

"அது எப்படி வாளியில வந்துச்சு?"

"இரும்பைக் கண்டா செம்பு தண்ணிய விட்டு எறங்கி அது மேல ஒட்டிக்கும். அந்த எடத்துக்கு இரும்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள போயிடும். யாரும் கிளறி விட வேணாம், தானா நடக்கும். திருப்பி நடக்கவே நடக்காது. அதான், இரும்பு ஆகாது, மண்பானையிலதான் கரைக்கணும்னு இளையபெருமாள்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். எங்க அவன்?"

சிங்காரவேலு ஆள் அனுப்பினார். போன ஆள் தனியாகத் திரும்பி வந்தான்.

"பொண்டாட்டி காத்தாயியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கினு பெங்களூர்ப் பக்கம் கல்லொடைக்கப் போயிட்டானாங்க. திருட்டுப் பட்டம் கட்டினப்புறம் இங்க எவனும் வேலை குடுக்கலையாம்."

காலால் வாளியை ஓரமாகத் தள்ளினார் சிங்காரவேலு.

"மடப்பய," என்றார். "வீட்ல நாலு பானை சும்மா கவுத்து வெச்சிருக்குது. வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டமா?"

ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் கேட்டான். அவள்தான் இந்த வாளியைத் தூக்கிப் போட்டாள். "இதை எடுத்துக்க. நீ தொட்டா, வாளின்னா கழுவிக்கலாம். பானைன்னா ஒடைச்சில்ல போடணும்?"