மூணு வேளைத் தண்ணீர்

காளான்காரம்மா போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“பத்து நாள் வந்து இரும்மான்னா எப்படிடி? சிப்பிக்காளானுக்கு மூணு வேளையும் தண்ணி தெளிக்கணும். நான் நகர்ந்தா மொட்டெல்லாம் கருகிடும்.”

பெற்ற மகளைவிடக் காளான் உசத்தியா? பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“கால் கிலோ பறிச்சுக் குடு” என்றபடி கொட்டகைக்குள்ளேயே நுழைந்துவிட்டாள்.

உள்ளே காளான் முளைக்கும் வைக்கோல் பை ஒன்றுகூட இல்லை. கயிறுகள் வெறுமனே தொங்கின.

“போன மாசமே அறுவடை முடிஞ்சிடுச்சுக்கா. மககிட்ட சொல்லிடாதீங்க.”

“புதுசா போட வேண்டியதுதானே?”

“விதை வாங்க வெளியூர் போகணும். வீட்டைப் பூட்டணுமே.”

“பூட்டினா என்னவாம்?”

“கோவிச்சுக்கிட்டுப் போன மனுஷன் வந்து, பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிட்டா?”

“உன் புருஷன் போயி ஆறு வருஷமாச்சேடி!”

“அதான்க்கா. இனிமே எந்நேரமும் வரலாம்.”