எதிர்வீட்டுச் சூடு

ஹாலிஃபாக்ஸில் பனி கொட்டிய வாரம், டெரிக் வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் நீரழுத்தம் காட்டும் முள் தினமும் பூஜ்யத்துக்கு இறங்கியது. அவரும் தினமும் காலையில் குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பினார். பிளம்பர் தேடியும் ஒழுக்கு எங்கும் இல்லை.

"தண்ணியெல்லாம் நீயே குடிச்சிடறியா?" என்று மனைவி ஹில்டா சிரித்தாள்.

எதிர்வீட்டு பிரையனியின் பாய்லர் கெட்டுப்போயிருந்தது. கைக்குழந்தை குளிரில் நடுங்குமே என்று இருவரும் கம்பளியோடு தெருவைக் கடந்து போனார்கள். அங்கே அறையைச் சூடாக்கும் சுவரோர ரேடியேட்டர்கள் கொதித்தன. குழந்தை வெறும் பனியனோடு காலை உதைத்துச் சிரித்தது.

"பாய்லரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா தினமும் காலையில குழாய்ல தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, உடனே சுடுது," என்றாள் பிரையனி.

டெரிக் தன் வீட்டுக்கு ஓடினார். முள் பூஜ்யத்தில் நின்றது.

"திறந்து விடுய்யா, நல்லாத் திறந்து விடு!" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து ஹில்டா கத்தினாள்.

குழாயைத் திறந்தார். பிரையனியின் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் உறைந்திருந்த பனியும் உருகி வழிந்தது.