இரண்டே எழுத்து

‘அத்துமீறி நுழைபவர்கள் வதைக்கப்படுவார்கள்.’

ஆப்பிள் மரத்தில் தொங்கிய அந்த ஆங்கிலப் பலகையை வேலிக்கு வெளியே நின்று படித்த பென்ஹாலோவுக்கு ரத்தம் கொதித்தது. ஊர்ப் பள்ளியில் காலமெல்லாம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எழுத்துப்பிழையைக் கண்டால் அவருக்குத் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

‘பிராசிக்யூட்’ என்றால் வழக்குத் தொடர்வது. இந்த வீட்டுப் பெண்பிள்ளை எழுதியிருப்பதோ ‘பெர்சிக்யூட்’. இரண்டே எழுத்து மாறியதில் வழக்கு வதையாகிவிட்டது.

அழகிய கிராமப் போட்டிக்கு நடுவர்கள் வரும் நாள் பார்த்தா இப்படி? கார்ன்வால் மாவட்டம் முழுக்கச் சிரிக்கும். கோப்பை இந்த வருடமும் பக்கத்து ஊருக்கே போய்விடும்.

பலகை கைக்கு எட்டவில்லை. வேலியை விட்டு நன்றாக உள்ளே தள்ளி மாட்டியிருந்தாள். நல்ல வேளை, கேட் பூட்டியிருக்கவில்லை. பெயின்ட் டப்பாவோடு உள்ளே போனார்.

தூரிகையை நனைத்தபோது, பின்னால் கேட் சாத்தப்படும் சத்தம்.

“என் தோட்டத்துல என்ன சார் பண்றீங்க?”

டாம்சின் ரோ. அந்த வீட்டை வாங்கிக்கொண்டு புதிதாகக் குடிவந்தவள். நாற்பது வயதிருக்கும்.

“உன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேம்மா. ஸ்பெல்லிங் தப்பு.”

“ஐயையோ! அப்போ நான் எழுதினதுக்கு என்ன சார் அர்த்தம்?”

பழைய வகுப்பறைக் குரல் அவருக்குத் தானாகவே வந்தது. “பலம் இருக்கிறவன் இல்லாதவனை விடாம வதைக்கிறது. அதுதான் பெர்சிக்யூட். மண்டையில ஏறிச்சா?”

“அர்த்தம் சரி. உதாரணம்?”

உதாரணம் கேட்பதுதான் அவர் வழக்கம். அவரிடம் யாரும் கேட்டதில்லை. மரத்திலிருந்து ஒரு ஆப்பிள் விழுந்தது.

அவள் நிதானமாக நடந்துபோய் மூலைக் கொட்டகையின் தாழ்ப்பாளை நீக்கினாள். கொழுத்த வெள்ளை வாத்துகள் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தன.

“ஏய், ஏய்! கேட்டைத் திற! ஐயோ, கடிக்குது!”

கால்சட்டையின் பின்புறம் டர்ரென்று கிழிந்தது. பென்ஹாலோ தாவி ஆப்பிள் மரத்தைக் கட்டிக்கொண்டார், சரியாகப் பலகைக்குக் கீழே. அதே நேரம் பார்த்து நடுவர்களின் கார் வேலியோரம் வந்து நின்றது.

“யாரையாவது கூப்பிடேன்! ஒரு ஸ்பெல்லிங் தப்பைத் திருத்த வந்ததுக்கா இந்தப் பாடு?”

கீழே கிடந்த தூரிகையை எடுத்து அவரிடம் பணிவாக நீட்டினாள் டாம்சின்.

“தப்பா? உங்க வகுப்புக் கரும்பலகையில இந்த வார்த்தையை நூறு தடவை எழுத வச்சீங்களே, மறப்பேனா சார்?”