பாடி ரெடி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கினதுமே பாகுபலி அழ ஆரம்பிச்சுட்டான். மெட்ராஸ்லேர்ந்து அதுவரைக்கும் அடக்கிக்கிட்டு வந்தவன்.

கையில ரோஜா மாலை. பையில கோடி வேட்டி. பின்னால பொண்டாட்டி நீலாஞ்சனா.

நாலு வருஷம் கழிச்சு வர்றான். அன்னிக்கு நைனா அவனைக் கடைத்தெருவுல நிக்க வெச்சுத் திட்டினாரு. அன்னிக்கே பஸ் ஏறினவன், அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல.

வீட்டு வாசல்ல கூட்டமே இல்ல. அப்பனைத் தூக்க நாலு பேரு கூடவா இல்ல?

பெஞ்சு மேல நீளமா ஒண்ணு கெடந்துச்சு. மேல வெள்ளை வேட்டி.

"நைனா!"ன்னு ஓடிப்போய் அது மேல விழுந்தான்.

டங்குன்னு சத்தம்.

"ஐயய்யோ, எந்திரி தம்பி! பெயிண்ட் இன்னும் காயல!"

மரச்சுத்தியும் கையுமா ஓடியாந்தாரு கௌஸ் பாஷா. டிங்கர் வேலைக்காரரு.

பாகுபலி எந்திரிச்சான். வேட்டியும் கூடவே எந்திரிச்சுது. சட்டையில ஒட்டிக்கிச்சு. பெஞ்சு மேல இருந்தது ஜீப்போட பானெட்டும் மட்கார்டும்.

நீலாஞ்சனா இதையெல்லாம் பாக்கல. கண்ண மூடிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா.

"எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா..."

"எங்கம்மா போனேன்? தோட்டத்துலதான இருந்தேன்."

நைனாவே, சம்பவநாத நைனாரே நின்னுக்கிட்டிருந்தாரு. கையில உப்புத்தாள். தகட்டுல பூசின பட்டியத் தேய்ச்ச தூளு தலையிலேர்ந்து கால் வரைக்கும். புருவம்கூட வெள்ளை.

நீலாஞ்சனா கண்ணத் தொறந்தா. பாத்தா. அப்படியே சரிஞ்சுட்டா.

தண்ணி தெளிச்சு உக்கார வெச்சாங்க. மாமனார் கையத் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சா.

பாகுபலி ஜோபியிலேர்ந்து தந்திய எடுத்து, ஓடியாந்த தம்பிகிட்ட நீட்டினான். தம்பி குணபாலன் வாங்கிப் படிச்சான்.

'ஃபாதர் பாடி ரெடி. ஸ்டார்ட் இம்மீடியட்லி. குணபாலன்.'

"இன்னாடா இது?"

"ஜீப்பு பாடிண்ணா. நைனா மிலிட்டரி ஏலத்துல எடுத்த ஜீப்பு. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துல பாறையில கொண்டுபோய் மோதி, கடைத்தெருவுல திட்டு வாங்கினியே, அதான். நசுங்கி, துருப்புடிச்சுக் கெடந்துச்சு. ஒரு வருஷமா வீட்டுலயே வெச்சு தகடு வெட்டி ஒட்டறோம்."

"நசுங்கின எடத்துல மட்டும் நைனார் என்னைக் கை வைக்க உடல தம்பி. சுத்திய வாங்கி அவரே தட்டினாரு. மூணு தடவ வெரல்லயும் தட்டிக்கினாரு"ன்னாரு கௌஸ் பாஷா.

"அதுக்கு பாடி ரெடின்னா தந்தி அடிப்பீங்க?"

"நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். தகட்டு வேல முடிஞ்சா பாடி ரெடி."

"அது ஒங்களுக்குத் தெரியும் பாய். மெட்ராஸ்ல தந்தியப் பிரிக்கறவனுக்குத் தெரியுமா?"

"செத்தவங்கள எவனாவது ரெடின்னு சொல்வானாண்ணா?"

"தூக்கறதுக்கு ரெடின்னு நெனச்சேன்டா!"

கௌஸ் பாஷா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தோள் மட்டும் குலுங்குச்சு.

அதப் பாத்ததும் பாகுபலிக்கு ஏறிடுச்சு. தம்பி கன்னத்துல பளார்னு ஒண்ணு உட்டான்.



"ஜீப்புன்னு ஒரு வார்த்தை போடறதுக்கு ஒனக்குக் கஞ்சத்தனமா? அஞ்சு மணி நேரம்டா! பஸ்ல அஞ்சு மணி நேரம் எனக்கு அப்பன் இல்ல. திண்டிவனத்துல மாலை வாங்கறேன். ஆளு எவ்ளோ ஒசரம்னு கேக்கறான் பூக்கடைக்காரன். எனக்குச் சொல்லத் தெரியலடா. எங்கப்பன் ஒசரம் எனக்கு ஞாபகத்துல வரலடா!"

குணபாலன் வாயத் தொறந்தான். நைனாவைப் பாத்தான். மூடிக்கிட்டான்.

நைனார் அதுக்குள்ள பையிலேர்ந்து கோடிய எடுத்துப் பிரிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு.

"நல்ல நெசவுடா. கரைகூட நல்லாருக்குது. தூக்கிட்டுப் போய்டாத, நானே கட்டிக்கறேன்."

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டு நைனா!" பாகுபலி அவர் கையிலேர்ந்து வேட்டியப் பிடுங்கினான். "நீலா, எந்திரி. அடுத்த பஸ்ஸு எப்ப இருக்குதுன்னு பாக்கலாம். ஒரு மனுசன் சாவுல வெளையாடற ஊட்டுல எனக்கு இன்னா வேல?"

"இருண்ணா. சாப்புட்டுட்டாவது போ."

"நீ பேசாத! நீ பண்ணின வேலைக்கு இனிமே இந்த வாசப்படிய..."

"அவன ஏன்டா மெரட்டற?" நைனார் நடுவுல வந்து நின்னாரு. இப்ப சிரிப்பு இல்ல. "அவன் ஜீப்புன்னு ஒழுங்காத்தான் எழுதிக் குடுத்தான். தபாலாபீசுக்கு எடுத்துட்டுப் போனவன் நான். அந்த ஒரு வார்த்தைய அங்க நின்னு கோடு போட்டு அடிச்சுட்டேன்."

பாகுபலி கையிலேர்ந்து வேட்டி நழுவிடுச்சு.

"எதுக்கு நைனா?"

"நாலு வருஷமா காயிதம் போட்டேன். நான் சௌக்கியம், நீ வந்துட்டுப் போடான்னு. நீ வரல. அப்பறமாத்தான்டா புரிஞ்சுச்சு, நான் சௌக்கியமா இருக்கறதுதான் தடங்கல்னு."